மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு சமையல்கூடம்: பொடி, ஊறுகாய், பலகாரம் செய்து விற்பவர்களுக்கு

இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று வீட்டிலிருந்தே செய்து விற்கிறவர்கள் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஆர்டர் வருகிறது, வீட்டு அடுப்பு போதவில்லை, ஆனால் தனியாக இடம் பிடித்து மெஷின் போட்டு கரண்ட் இணைப்பு வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை, கடன் வாங்கவும் பயம். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. அடுப்பு, எக்ஸாஸ்ட், தண்ணீர், மெஷின் எல்லாம் ஏற்கெனவே இருக்கும் ஒரு சமையல்கூடத்தில் மணிக்கோ ஷிப்டுக்கோ காசு கொடுத்து, உங்கள் சரக்கைச் செய்து எடுத்துக்கொண்டு வருவது. ஷேர்டு கிச்சன் என்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் எடுத்துச் சுடச்சுட சாப்பாடு அனுப்பும் கிளவுட் கிச்சன் வேறு கணக்கு, அதை இங்கே தொடவில்லை. பாக்கெட் போட்டு விற்கிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

யோசனை நமக்குப் புதிதல்ல. மிளகாயும் மல்லியும் காயவைத்து எடுத்துக்கொண்டு தெருமுனை மில்லில் வரிசையில் நிற்கிறோமே, அங்கே மெஷின் ஒருவருடையது, சரக்கு ஒவ்வொருவருடையது. லிஜ்ஜத் அப்பளம் இதையே வேறு மாதிரி பிரித்தது. 1959இல் மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது அது, மாவைப் பொது இடத்தில் பிசைந்து கொடுப்பார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தேய்த்து, காயவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்த வேலைக்குப் பொது இடம் வேண்டும், எந்த வேலைக்கு வேண்டாம் என்று பிரித்ததில்தான் அந்தக் கணக்கு நின்றது. உங்கள் கணக்கும் அங்கேதான் நிற்கப்போகிறது.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

"வீட்டில் செய்தால் சட்டப்படி தப்பு, அதனால்தான் வெளியே போக வேண்டும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. வீட்டுச் சமையலறையின் பெயரிலேயே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்கலாம், நிறையப் பேர் வாங்கித்தான் நடத்துகிறார்கள். வாரத்துக்குப் பத்து கிலோ பொடி விற்கிறவர் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றுதான் சொல்வேன்.

வெளியே போக வேண்டிய காரணங்கள் வேறு. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வேண்டும், அதை அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வைத்து நடத்த முடியாது. பொடி அரைக்கும் பல்வரைசர் மெஷினுக்கு மூணு ஃபேஸ் கரண்ட் கேட்கும். மிளகாய் வறுத்தால் மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அப்புறம், கடைக்காரர்கள். தெரிந்தவர்களுக்கு விற்கும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரேக் கேட்டுப் போனால் உரிமம், தயாரிப்பு இடம், எந்த பேட்ச், கெடு தேதி என்று வரிசையாகக் கேட்பார்கள். இந்த நாலில் குறைந்தது இரண்டு காரணம் உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

எல்லாச் சரக்கும் இதற்கு ஒத்துவராது. பொடி வகைகள், ஊறுகாய், தொக்கு, முறுக்கு, தட்டை எல்லாம் நன்றாக ஒத்துவரும், ஒரு நாள் உட்கார்ந்து செய்தால் இரண்டு வாரத்துக்கு விற்கலாம். தோசை மாவு கஷ்டம். ஊற மணிக்கணக்கு, அரைக்க மணிக்கணக்கு, தினமும் செய்ய வேண்டும், செய்த பிறகும் குளிர் விடாமல் கடை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். மணி வாடகையில் மாவு வியாபாரம் பண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால், கூடத்துக்குச் சொந்தக்காரரே அவராக இருந்தாலொழிய, கொஞ்சம் சந்தேகப்படுவேன். கேக் செய்கிறவர்களுக்கு வீட்டு ஓவனே பல நாள் போதும். பண்டிகை மாதத்துக்கு மட்டும் வெளியே போனால் சரியாக இருக்கும்.

மணிக்கணக்கைப் போடுங்கள், இதுதான் முக்கியம்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 20 கிலோ இட்லிப் பொடி, 200 கிராம் வீதம் 100 பாக்கெட். வாடகை மணிக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் ஊரில் என்னவோ அதைப் போடுங்கள்). வீட்டில் செய்கிற மாதிரியே அங்கே போய்ச் செய்தால் எப்படி இருக்கும்? சாமான் இறக்கி மேசை துடைக்க அரை மணி. உளுந்தும் கடலைப்பருப்பும் புடைத்துக் கல் பொறுக்க இரண்டு மணி. வறுக்க மூன்று. ஆற இரண்டு. அரைத்துச் சலிக்க ஒன்றரை. எடை போட்டு பாக்கெட் ஒட்ட இரண்டரை. கழுவித் துடைத்துக் கிளம்ப அரை மணி. மொத்தம் 12 மணி நேரம், 3,000 ரூபாய், பாக்கெட்டுக்கு 30 ரூபாய் வாடகை மட்டும். 200 கிராம் பொடி விற்கும் விலையில் இது தாங்காது. நிறையப் பேர் முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு "ஷேர்டு கிச்சன் கட்டுபடியாகாது" என்று முடிவுகட்டுவது இதனால்தான்.

இப்போது அதையே பிரியுங்கள். பருப்பு ஆறுவதற்கும் கல் பொறுக்குவதற்கும் நீங்கள் ஏன் எக்ஸாஸ்ட் வைத்த கூடத்துக்கு மணி வாடகை கொடுக்க வேண்டும்? சுத்தம் செய்து சலித்த பருப்பாகவே கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினால் அந்த இரண்டு மணி போயிற்று. வறுப்பதை ஒரே அடுப்பில் வரிசையாகச் செய்யாமல் இரண்டு அடுப்பில் செய்தால் ஒன்றரை மணி மிச்சம். ஆறுகிற நேரம் தனியாக ஓடக் கூடாது. முதலில் கடலைப்பருப்பு, அப்புறம் உளுந்து, அப்புறம் மிளகாய், கடைசியாக எள் என்று வறுத்தால், எள் பொரியும்போது கடலைப்பருப்பு ஆறி அரைக்கத் தயாராக இருக்கும். அங்கே ஒன்றரை மணி மிச்சம். பேக்கிங்குக்கு இன்னொரு கை இருந்து, கூடத்தில் பாக்கெட் வாயை ஒட்டும் பேண்ட் சீலர் மெஷினும் இருந்தால் இன்னும் ஒரு மணி மிச்சம். மொத்தம் 6 மணி, 1,500 ரூபாய், பாக்கெட்டுக்கு 15. உதவிக்கு வந்தவருக்கு அரை நாள் கூலி 400 கொடுத்தாலும் 19தான் ஆகிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். புடைப்பது, காயவைப்பது மாதிரி வேலையை வீட்டில் வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், உணவுச் சட்டத்தின் கண்ணில் வீடும் தயாரிப்பு இடம்தான், அதற்கும் பதிவு வேண்டும். அதனால்தான் வீட்டில் செய்வதைவிட, சுத்தம் செய்த சரக்காக வாங்கச் சொல்கிறேன்.

அரைப்பதில் ஒரு விஷயம், புதிதாக மெஷினுக்கு வருகிறவர்களுக்கு. வீட்டு மிக்சியில் அரைத்த கை அளவு அங்கே வேலை செய்யாது. எள்ளை நேராக பல்வரைசரில் போட்டால் எண்ணெய் விட்டுச் சல்லடை அடைத்துக்கொள்ளும். பருப்போடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். மெஷினில் இருந்து வரும் பொடி சூடாக இருக்கும், அந்தச் சூட்டோடு பாக்கெட்டில் அடைத்தால் உள்ளே வேர்க்கும், ஒரு வாரத்தில் பூஞ்சை. அகலமான தட்டில் பரப்பிக் கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். உப்பையும் வறுத்துப் போடுங்கள். கறிவேப்பிலைப் பொடி செய்கிறவர்கள் இலை மொறுமொறுவென்று ஆகும்வரை வறுப்பதை நிறுத்தாதீர்கள், ஈரம் அதில்தான் ஒளிந்திருக்கும். லேப்பில் நீர்ச் செயல்பாடு, அதாவது கிருமி வளரப் பயன்படும் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று, அளந்து தருவார்கள், 0.6க்குக் கீழே இருந்தால் பூஞ்சை உட்பட எதுவும் அதில் வளராது. பொடிக்காரர்கள் ஒரு முறையாவது இதைச் சோதித்துவிடுவது நல்லது.

தொக்கு, பூண்டு ஊறுகாய் செய்கிறவர்களுக்கு வேறு அளவு. பூண்டை எண்ணெயில் மூழ்கடித்துக் காற்றில்லாமல் அடைக்கிறோம், புளிப்பு போதவில்லை என்றால் அதில் பொட்டுலிசம் கிருமி விஷம் உண்டாக்கும் ஆபத்து இருக்கிறது. புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு (அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர் எது போடுகிறீர்களோ அதை எடை போட்டுப் போடுங்கள், "அம்மா கைப்பதம்" என்று கண்ணளவில் போடுவது 20 கிலோ அளவில் நடக்காது. பிஹெச் மீட்டர் ஒன்று வாங்கிவிடலாம், பெரிய விலை இல்லை.

எங்கே தேடுவது

பெரிய ஊர்களில் தனியார் கிச்சன்கள் இருக்கின்றன. விளம்பரம் பார்த்துப் போகலாம். அவர்களில் பலர் கிளவுட் கிச்சன்காரர்களுக்குக் குறைந்தது பதினொரு மாத ஒப்பந்தத்தில் விடுவதையே விரும்புவார்கள், மணிக்கணக்கு என்றால் முகம் சுளிப்பார்கள். காலியாகக் கிடக்கும் நேரத்தை, அதாவது மதியம் மூன்று முதல் ஆறு, இரவு பதினொன்றுக்கு மேல், இந்த நேரங்களைக் கேட்டுப் பேரம் பேசுங்கள்.

அரசு நிறுவனங்களை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது, முன்பு ஐஐஎஃப்பிடி என்று இருந்ததுதான், 2021 சட்டத்துக்குப் பிறகு பெயர் மாறியது. அங்கே புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான இன்குபேஷன் மையத்தில் மெஷின்களைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்திலும் இப்படி வசதி உண்டு. வாராவாரம் போய்ச் செய்ய இவை ஒத்துவராது, தூரம். ஆனால் சரக்கைச் செட் பண்ண, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்க, வாங்குவதற்கு முன் ஒரு மெஷினை ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டம் 2020 ஜூனில் வந்தது. தனி ஆளுக்கு மெஷின் வாங்க 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். இதுதான் எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், சுய உதவிக் குழுக்கள், கூட்டுறவுகளுக்குப் பொதுக் கட்டமைப்பு வசதிக்கும் மானியம் உண்டு, அப்படி வந்த வசதியை வெளி ஆட்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்பது திட்ட விதியிலேயே இருக்கிறது. ஆகவே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் "எனக்கு மானியம் கிடைக்குமா" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இந்த மாவட்டத்தில் இந்தத் திட்டத்தில் பொது வசதி எங்கே வந்திருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். பாதி மெஷின் ஓடாமல் தூசி படிந்து கிடக்கும் இடங்கள் இருக்கும், நீங்கள் போனால் அவர்களுக்கும் வருமானம்.

அப்புறம் கல்யாண மண்டபம். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் கிடையாது, மண்டபச் சமையல்கூடம் சும்மா கிடக்கும். பெரிய அடுப்பு, பெரிய தொட்டி, தாராளமான இடம், மேனேஜரிடம் நேரில் பேசினால் மலிவாகவே கிடைக்கும். குறையும் உண்டு. ஜன்னலுக்கு வலை இருக்காது, பூட்டி வைக்க அறை இருக்காது, தரை எப்போதும் ஈரம், மெஷின் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முறுக்கு, சீடை மாதிரி மொத்தமாகப் பொரித்து எடுக்கும் வேலைக்கு ஆடி மாதத்தில் இது அருமையான இடம், கோகுலாஷ்டமி ஆர்டரும் அதை ஒட்டித்தான் வரும். பொடி அரைக்க, பாக்கெட் போட இந்த ஈரத்தில் வேண்டாம்.

இடம் பார்க்கப் போகும்போது

யாரும் சமைக்காத காலை நேரத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள், எல்லாம் பளபளவென்று இருக்கும். அதை நம்பாமல், வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தடவை, ஷிப்டு முடியும் இரவு நேரத்தில் ஒரு தடவை போங்கள். இரவில் தரைச் சாக்கடை மூடியைப் பார்த்தாலே கரப்பான் கணக்கு தெரிந்துவிடும். ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள், பச்சைக் கறியும் வெட்டிய காயும் ஒரே தட்டில் இருந்தால் அந்த இடம் வேண்டாம். கை கழுவும் தொட்டி பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தனியாக இருக்கிறதா, அதில் சோப்பு இருக்கிறதா? சிலிண்டர்கள் வெளியே கூண்டுக்குள்ளா, அடுப்புக்கு அடியிலா? எண்ணெய்த் தீயை அணைக்கும் கருவி தனி வகை, அது இருக்கிறதா, கடைசியாக எப்போது நிரப்பினார்கள்? கேட்டால் பதில் வர வேண்டும், "எல்லாம் இருக்கு சார்" என்பது பதில் இல்லை.

தண்ணீர் பரிசோதனைச் சான்றையும் பூச்சிக்கட்டுப்பாடு செய்த ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டும் உரிமம் வைத்திருக்கும் எந்த இடத்திலும் இருக்க வேண்டியவை. லாரித் தண்ணீரா, போரா, போர் என்றால் உப்பா என்பதையும் நாக்கில் வைத்தே பார்த்துவிடலாம்.

கரண்ட் போனால்? மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துவார்கள், முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்த ஏரியாவுக்கு எந்தத் தேதி என்று தெரிந்துகொண்டு ஷிப்டு பிடியுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் அது விளக்குக்கு மட்டுமா, பல்வரைசரும் ஓடுமா என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

உரிமம் யார் பெயரில்

இங்கேதான் நிறையக் குழப்பம். கிச்சன்காரரிடம் உரிமம் இருக்கிறது, அதையே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். நீங்கள் போய் நீங்களே செய்கிறீர்கள் என்றால் தயாரிப்பவர் நீங்கள், உங்கள் பெயரில் அந்த முகவரிக்குத் தனிப் பதிவு வேண்டும். அவர்கள் ஆட்களே உங்கள் பக்குவத்தில் செய்து கொடுக்கிறார்கள் என்றால் அது வேறு, அப்போது தயாரித்தவர் அவர், விற்பவர் நீங்கள், பாக்கெட்டில் இருவர் விபரமும் வர வேண்டும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஏரியா உணவுப் பாதுகாப்பு அலுவலரை நேரில் பார்த்துவிடுங்கள். இந்த முகவரியில் இன்னும் சிலர் பதிவு வைத்திருக்கிறார்கள், எனக்கும் தர முடியுமா, கிச்சன்காரரிடமிருந்து என்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தால் அப்புறம் அலைச்சல் இல்லை. பலர் அட்வான்ஸ் கட்டிவிட்டுத்தான் இந்த வேலைக்குப் போகிறார்கள், அது தலைகீழ்.

2011 விதிமுறை வந்தபோது சிறு தயாரிப்பாளர் என்றால் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள், தினசரி தயாரிப்பு 100 கிலோவுக்குள் என்று இருந்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு, அதற்கு மேலே போனால் உரிமம் என்று வைத்தார்கள். வரம்புகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், விண்ணப்பிக்கும் அன்றைக்கு ஃபோஸ்காஸ் என்ற அரசின் உணவு உரிமத் தளத்தில் இருப்பதே கணக்கு. கிடைக்கும் 14 இலக்க எண் 2 என்று ஆரம்பித்தால் பதிவு, 1 என்று ஆரம்பித்தால் உரிமம், அடுத்து வரும் 24 தமிழ்நாட்டைக் குறிக்கும். கிச்சன்காரர் காட்டும் எண்ணையும் இப்படிப் பார்த்துவிட்டுத் தளத்தில் தேடிப் பாருங்கள், காலாவதியானதைச் சிலர் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

பாக்கெட் போட்டு விற்பதால் எடையளவுச் சட்டத்தில் பேக்கர், அதாவது பாக்கெட் போடுபவர் என்ற பதிவும் வேண்டும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையில் செய்ய வேண்டியது, பேக்கிங் தொடங்கிய 90 நாளுக்குள். ஜிஎஸ்டி பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சம் வரை தேவையில்லை, ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பெட்டி அனுப்பினாலும் வெளிமாநில விற்பனை என்று பதிவு கேட்கும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

பக்கத்து மேசைக்காரர்

கூடம் பொது என்றால் காற்றும் பொது. நீங்கள் மிளகாய் வறுக்கிற அன்று பக்கத்தில் ஒருவர் பிறந்தநாள் கேக்குக்கு கிரீம் அடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒரு சண்டை உறுதி. கிரீமும் வெண்ணெயும் வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். கருவாட்டுத் தொக்கு செய்கிறவருக்கும் இதே பிரச்சினை, அவர் பாவம் எங்கே போனாலும் கெட்ட பெயர். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, யார் எந்த நாளில் என்ன செய்கிறார்கள் என்று வாரத்துக்கு முன்னாடியே போட்டுவிட்டால் பாதி தீர்ந்தது. நெடி அடிக்கிற வேலைக்கு வாரத்தில் ஒரே நாள், அல்லது கடைசி ஷிப்டு என்று ஒதுக்கச் சொல்லுங்கள்.

மெஷின் பகிர்வில் வாடையைவிடப் பெரிய விஷயம் ஒவ்வாமை. உங்களுக்கு முன்னால் வேர்க்கடலைப் பொடி அரைத்திருந்தால் அதன் மிச்சம் உங்கள் பொடியில் இருக்கும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அது விளையாட்டு இல்லை. மில்காரர்கள் பச்சரிசியை ஓட்டி மெஷினைத் துடைப்பார்கள், அது மிளகாய் நெடி போகப் போதும், ஒவ்வாமைக்குப் போதாது. கழற்றிப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், அப்படியும் பாக்கெட்டில் "வேர்க்கடலை கையாளும் இடத்தில் தயாரித்தது" என்று போட்டுவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். உங்கள் பொடியில் பருப்பும் மிளகாயும்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், பெருங்காயம் போட்டவுடனே கோதுமையும் உள்ளே வந்துவிட்டது, அதைப் பொருட்பட்டியலில் சொல்ல வேண்டும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பொரிக்கிறவர்கள் எண்ணெயைப் பகிர வேண்டாம். "நேத்து ஒரு ஈடுதான் போட்டேன், எண்ணெய் அப்படியே இருக்கு" என்று அன்பாகத்தான் கொடுப்பார்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் போலார் கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது, அடுத்தவர் எண்ணெய் எத்தனை தடவை கொதித்தது என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, பக்கத்து மேசைக்காரரால் நல்லதும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐந்து பேர் சேர்ந்தால் விருதுநகரிலிருந்து உளுந்தும் மிளகாயும் மூட்டையாக வரவழைக்கலாம், லாரி வாடகை பிரியும், சில்லறைக் கடை விலைக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். ஒருவருக்குச் சரக்கு எடுக்கும் கடை மற்றவருக்கும் எடுக்கும். முறுக்குக்காரரின் பெட்டியோடு உங்கள் பொடியும் ஒரே ஆட்டோவில் போகும். தனியாக ஒரு ஷெட் பிடித்து உட்கார்ந்தால் இது எதுவும் கிடைக்காது, வாடகைக் கணக்கில் வராத லாபம் இது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள், ஒரே பக்கமானாலும் எழுதி வாங்குங்கள். கேஸ் வாடகைக்குள் அடங்குமா, மீட்டரா? நேரம் நீங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்தா, அடுப்பு பற்றவைத்ததிலிருந்தா? கழுவுகிற அரை மணிக்கும் காசா? முன்னால் இருந்தவர் தாமதமாகக் கிளம்பினால் உங்கள் நேரம் எப்படி ஈடாகும்? பூட்டு போட்ட ரேக் தருவார்களா, அதற்குத் தனி வாடகையா? அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்?

எல்லாவற்றையும்விடத் தீபாவளி. மற்ற மாதங்களில் மணிக்கு ஒரு விலை பேசிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய நாலு வாரத்துக்கு "இப்போ ரேட் வேறம்மா" என்பார்கள், அல்லது உங்கள் ஷிப்டையே பெரிய ஆர்டர்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். பலகாரக்காரர்களுக்கு வருடத்தின் பாதி வருமானம் அந்த நாலு வாரத்தில்தான் வருகிறது. அந்த வாரங்களுக்கான நேரத்தையும் விலையையும் ஆடியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இரவு ஷிப்டு எடுக்கும் பெண்கள், தனியாக வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறது, கேமரா எங்கெங்கே இருக்கிறது, கழிவறை உள்ளேயா வெளியேயா, பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ கிடைக்குமா என்பதெல்லாம் மணி வாடகை மாதிரியே முக்கியமான கேள்விகள். இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே ஷிப்டைப் பிரித்துக்கொண்டால் வாடகையும் குறையும்.

பக்குவம் வெளியே போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். மசாலாக் கலவையை மட்டும் எடை போட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால் தீர்ந்தது, உளுந்து வறுப்பதை யார் பார்த்தால் என்ன.

ஆரம்பித்த பிறகு

ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நோட்டில் ஒரு வரி: தேதி, பேட்ச் எண், எந்தக் கடைப் பருப்பு, எத்தனை கிலோ போட்டு எத்தனை வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல் எடுத்து வைத்து, கெடு தேதி வரைக்கும் வைத்திருங்கள். கடைக்காரர் "உங்க பொடி சிக்கு வாசனை அடிக்குது" என்று போன் பண்ணினால், அதே பேட்ச் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, கோளாறு உங்கள் வறுவலிலா அவர் கடை வெயிலிலா என்று சொல்ல முடியும்.

மணி நேரக் கணக்கை மாதக் கடைசியில் கூட்டுங்கள். மாதம் ஐந்தாறு ஷிப்டு வரை இந்த ஏற்பாடு லாபம். அது பதினைந்து, இருபது என்று ஏறி, மாத வாடகை ஒரு சின்ன ஷெட் வாடகையையும் மெஷின் கடன் தவணையையும் சேர்த்த தொகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், கிளம்பும் நேரம் வந்தாயிற்று, அந்த 35 சதவீத மானியம் அப்போதும் நடப்பில் இருந்தால் அதைக் கேட்டுப் போங்கள், நோட்டில் உள்ள கணக்கே வங்கிக்குக் காட்ட நல்ல ஆதாரம்.

கிளம்பும்போது தயாரிப்பு முகவரி மாறும், பதிவு மாறும். ஏற்கெனவே அச்சான விபரத்தின் மேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டி மாற்றுவது எடையளவு விதிப்படி செல்லாது, விலையைக் குறைப்பதற்கு மட்டும்தான் அனுமதி. ஆகவே ஷேர்டு கிச்சனில் இருக்கும் வரைக்கும், மலிவாக வருகிறதே என்று பத்தாயிரம் பவுச்சை முகவரியோடு அச்சடித்துவிடாதீர்கள். வெறும் பவுச் வாங்கி, எல்லா விபரமும் உள்ள லேபிளை ஐந்நூறு ஐந்நூறாக அடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் விலை கூட வரும், பரவாயில்லை.